வீட்டுக்குப் பத்து கிளிக்

தமிழர்கள் இணையத்தில் முருகனைத் தேடுவதைவிட மூலத்துக்கு மருந்து தேடுவதுதான் அதிகம். குறும்புக்குச் சொல்லவில்லை. ஐந்து மாதம் எனக்கு அதைப் பார்ப்பதுதான் வேலை.

தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. மாளா என்று இங்கே சொல்லும் அதன் பரண்தான் என் ஆபீஸ். நிமிர்ந்தால் தலை தகரத்தில் இடிக்கும். கூரியர் வேலையை விட்டுவிட்டு, தமிழில் ஒரு வெப்சைட் போட்டு, அதில் வரும் விளம்பரத்தில் பிழைத்துவிடலாம் என்று நம்பி மேலே ஏறியவன் நான். மனைவி தீபாவளி வரை தவணை கொடுத்திருந்தாள். அதற்குள் வாடகைக்காவது வராவிட்டால் அவளுடைய அண்ணன் தோல் பை விற்கும் கடையில் போய் நிற்க வேண்டும். மச்சான் நல்லவர்தான். ஆனால் பார்க்கும்போதெல்லாம், "என்ன மாப்ள, மாளாவுல முட்ட போட்டாச்சா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். அவரிடம் சம்பளம் வாங்கினால் அதை நாள் முழுக்கக் கேட்க வேண்டும்.

தேடும் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால், மீதியை அதுவே ஊகித்துக் கீழே வரிசையாகக் காட்டும். 'இட்லி மாவு' என்றால் 'புளிக்கவில்லை', 'பொங்கி வழிகிறது'. ஜனங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான். அவற்றை நோட்டில் எழுதி, எதை எத்தனை பேர் தேடுகிறார்கள், விளம்பரக்காரன் ஒரு கிளிக்குக்கு என்ன தருவான் என்று பார்க்க வேண்டும். இட்லி மாவுக்குக் கூட்டம் உண்டு, காசு கிடையாது. வீட்டுக் கடனுக்குக் காசு கொட்டும். ஆகவே சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாத நான் பரணில் குனிந்து உட்கார்ந்து, 'வீட்டுக் கடன் வாங்குமுன் கவனிக்க வேண்டிய பதினோரு விஷயங்கள்' எழுதினேன். அதில் நாலு என் சொந்தக் கற்பனை.

மெல்ல ஆள் வந்தார்கள். புரட்டாசியில் முதல்முறையாகப் பாதி வாடகை தேறியது. அந்தத் திமிரில் வாயைக் கொடுத்தேன். ஐப்பசி பிறந்ததும் மாட்டுங்காவில் ஒரு கல்யாணப் பந்தியில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். "வெளம்பரத்துல எப்டிடே துட்டு வருது?" என்றார். பாயசம் வரும்வரை விளக்கினேன். "யாராவது அமுக்குனா துட்டு, அவ்ளோதான் அண்ணாச்சி" என்று முடித்தேன். அதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சங்கத்தின் போன் குழுவில் அவர் குரல் வந்தது. "நம்ம ஊர்ப் பய ஒருத்தன் வெப்சைட் போட்டிருக்கான். வெளம்பரத்த அமுக்குனா அவனுக்குத் துட்டு. வீட்டுக்குப் பத்து கிளிக். முலுண்டு, தாணே, கல்யாண்ல உள்ள ஆளுகளும் விட்டுராதீய."

விடவில்லை. கல்யாண மொய் போலவே எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் போன் போட்டு, "நான் அம்பது அமுக்கிருக்கேன், எழுதிக்கோ" என்றார். நாளை அவர் வீட்டில் யாராவது வெப்சைட் திறந்தால் நான் திருப்பிச் செய்ய வேண்டும் என்று அர்த்தம். இன்னொருவர் லோக்கல் ட்ரெயினில் தொங்கிக்கொண்டே மூன்று வங்கிகளின் கடனை அமுக்கினாராம். மச்சான் கடையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி அமுக்க வைத்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கியது. அன்பிலா, இப்படி அமுக்கினால் கம்பெனிக்காரன் கண்டுபிடித்துவிடுவானே என்ற பயத்திலா என்று இன்றுவரை தெரியவில்லை. நிறுத்தச் சொல்லிக் குழுவில் மன்றாடினேன். கூச்சப்படுகிறான் என்று நினைத்து இன்னும் பலமாக அமுக்கினார்கள்.

மூன்றாம் நாள் விளம்பரக் கம்பெனியிடமிருந்து கடிதம். ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப அமுக்கியதால் என் கணக்கை மூடிவிட்டார்கள். சேர்ந்திருந்த பணமும் கிடையாது. மொய் என்றால் என்ன என்று ஒன்றரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதி மேல்முறையீடு செய்தேன். ஒரே வரியில் மறுத்தார்கள்.

மத்தியானம் பரணிலிருந்து இறங்கி மனைவியிடம் சொன்னேன். "சரி, சாப்புடுங்க" என்றாள். அவ்வளவுதான். தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இவளுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

என் போனில் சார்ஜ் இல்லை. வேறு ஏதாவது வேலை கிடைக்குமா என்று பார்க்க அவள் போனை எடுத்தேன். தேடும் பெட்டியைத் தொட்டதுமே, அவள் முன்பு தேடியவை வரிசையாக விழுந்தன. பம்பாயிலேயே வளர்ந்தவள், தமிழ் எழுத வராது. மைக்கில் பேசித்தான் தேடுவாள். பூண்டுச் சட்னிக்குக் கீழே இருந்தது: 'எங்க அண்ணன் கடைக்குப் போனா எங்க வீட்டுக்காரருக்கு மரியாதை போயிருமா'. அதற்குக் கீழே, 'வீட்டுக்காரர் மனசு நோகாம வேற வேலை'. அதையே இன்னும் மூன்று விதமாக மாற்றிக் கேட்டிருந்தாள். நான் மேலே வீட்டுக் கடன் எழுதிக்கொண்டிருந்தபோது, எனக்குக் கேட்காமல் மெதுவாகப் பேசியிருக்க வேண்டும்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்து மாதம் ஊரார் கேட்பதையெல்லாம் நோட்டில் எழுதியவன், இதை எழுதவில்லை. அந்தக் கேள்வியைத் தொட்டுப் பார்த்தேன். யாரும் பதில் எழுதியிருக்கவில்லை. முதலில் வந்தது ஒரு தோல் பை விளம்பரம்.

மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "அதெல்லாம் போவாது" என்றேன்.

"எது?"

"மரியாத."

போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவசர அவசரமாகச் சாப்பாட்டு டப்பாவை மூடி என் கையில் கொடுத்தாள்.