கெபொன்யே பாடாத வரி

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்ததும், சத்தமெல்லாம் அளவாக இருக்கிறதா என்று பார்க்கத் திராஃபாலோவைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். அவன் அப்போது பிறந்திருக்கவில்லை. அதனால்தான் இடி இன்றைக்கும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. எங்கள் ஊர் ஃபிரான்சிஸ்டவுனில் இதை மறுக்க ஆள் கிடையாது, அவனை விட்டுப் போன மனைவியைத் தவிர.

பதிவான பாட்டைக் கலந்து இழைத்துக் கொடுப்பது அவன் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் தோல் சட்டையும் கௌபாய் தொப்பியும் போட்ட ஹெவி மெட்டல் கூட்டம். அந்த இசையில் ஒவ்வொரு மைக்கும் தனிச் சிறை. டிரம்மில் அடி விழும்போது மட்டும் அதன் மைக்குக்குக் கதவு திறக்கும், உடனே சாத்திக்கொள்ளும். கேட்க வந்த ஜனங்கள் பக்கம் வைத்த மைக் கடைசிக் கைதட்டலுக்கு மட்டும் திறக்கும். பாடகன் குரல் உடைந்தால் வேறிடத்திலிருந்து வெட்டி ஒட்டலாம். யாரும் அதைப் பாவமென்று நினைப்பதில்லை.

சர்ச் குழுவின் நேரடிப் பதிவு அவனுக்கு இதுதான் முதல். பதிவு நடந்த ஞாயிற்றுக்கிழமை முன்னணிப் பாடகி கெபொன்யே நெஞ்சில் சளி என்றாள். சளி இல்லை. ஒன்பதாம் நாள் செத்துப்போனாள். சனிக்கிழமை விடியலில் அடக்கம். வெள்ளி மாலை சவப்பெட்டி வீட்டுக்கு வந்ததும் நடக்கும் ஜெபத்தில் அவள் பாட்டைப் போட வேண்டுமென்று வீட்டார் கேட்டார்கள்.

நான்காவது பாட்டின் கடைசி வரியில் அவள் குரல் நின்றுபோயிருந்தது. திராஃபாலோ முதல் சரணத்திலிருந்து அதே வரியை எடுத்து ஒட்டினான். இருமலை வழித்தெடுத்தான். தையல் தெரியவில்லை. செத்தவளுக்குச் செய்த மரியாதை என்றே நினைத்தான்.

வியாழன் மதியம் கெபொன்யேயின் அக்கா கோசெகோ பாட்டைக் கேட்க வந்தாள். கடைசி வரி முடிந்ததும் அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்த வரிய அவ பாடல தம்பி."

அவன் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். "முடியாம மைக்க எறக்கிட்டா. எங்கம்மா முன்வரிசைல எழுந்து நின்னு பாடுச்சு. அப்புறம் நாங்க எல்லாரும். அதெல்லாம் எங்க?"

அதெல்லாம் பூட்டின மைக்குகளில் இருந்தது.

பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் இருமுவதை யார் கேட்பார்கள் என்று அவன் வாதாடினான்.

"அவ விட்ட எடத்த நாங்க புடிச்சோம். அத எடுத்துட்டா இதுல என்ன இருக்கு? நல்லாப் பாடுற பொணம்தான் இருக்கு."

அவள் போன பிறகு ஒட்டியதைப் பிய்த்தான். ஜனங்களின் மைக் மூன்றையும் திறந்தான். இருமல் வந்தது. டிரம் தடுமாறியது. ஒரு குழந்தை அழுதது. பிறகு கிழவியின் குரல், தனியாக. அதன் மேல் முழு சர்ச்சும். இத்தனை நாள் அவன் குப்பை என்று கழித்த சத்தம்.

வெள்ளிக்கிழமை ஜெபத்தில் பாட்டின் அந்த இடம் வந்தபோது தாய் எழுந்து நிற்கவில்லை. உதடு அசைந்தது, குரல் வரவில்லை. இந்த முறை அவளுக்காகக் கோசெகோ பாடினாள்.

இதை எழுதுகிறவன், பதிவு நடந்த அன்று சர்ச் பக்கமே போகவில்லை, கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். அடக்கம் முடிந்த வாரம் திராஃபாலோ அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பின்வரிசை மைக்கை மட்டும் போட்டுக் காட்டினான். தாளத்துக்கு முந்தி ஓடும் ஒரு குரல், பாதி அழுகை.

வெளியே கட்டியிருந்த ஆடாக இருக்கும் என்றான் எழுதுகிறவன்.

"ஆடுதான்டா," என்றான் திராஃபாலோ. "நாலு சரணமும் மனப்பாடமா தெரிஞ்ச ஆடு."