‘குடும்பத்துக்கு மட்டும்’

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்தில் வீட்டுத் தரகு பார்க்கிறவன் நான். காலி வீட்டைக் கண்டுபிடிப்பது எளிது, வீட்டுக்காரர் மனசில் இருக்கிற குடித்தனக்காரரைக் கண்டுபிடிக்கத்தான் ஆயுசு போதாது. வாடகை வீடு தேடி அலைந்த அத்தனை பேருக்கும் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

கிறுக்கல் பயம்

செந்திலும் ஆரோக்கியமும் முப்பது தாண்டிய ஜோடி, இரண்டு பேருமே ஆண்கள். நண்பர்கள் என்று சொல்லி அசோக் நகரில் குடியிருந்தார்கள். உண்மை தெரிந்ததும் மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். "அண்ணே, இந்த வாட்டி சொல்லிட்டே வீடு பாருங்க. ஒளிஞ்சு ஒளிஞ்சு அலுத்துப்போச்சு" என்றார் ஆரோக்கியம். முன்னெல்லாம் இப்படிச் சொன்னால் என்னையும் சேர்த்துத்தான் விரட்டுவார்கள்.

தி.நகரில் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவரின் மாடி காலியாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. "அது அவுக சொந்த விஷயம்லா. ஆனா பேச்சிலருக்கு வீடு கிடையாது" என்றார். பேச்சிலர் இல்லை, குடும்பம்தான் என்றேன். அண்ணாச்சி நெற்றியைச் சொறிந்தார். "குடும்பம்னா நாளைக்குப் புள்ள வரும், செவுத்துல கிறுக்கும். அதுவும் சரிப்படாது தம்பி."

எந்த குரூப்?

அடையாறு அடுக்குமாடியில் சங்கச் செயலாளர் காபியே கொடுத்தார். "காலம் மாறிடுச்சு சார், என் பேத்தி எனக்கு கிளாஸே எடுத்துட்டா" என்று ஒரே பூரிப்பு. ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கணவர்கள் தண்ணி லாரி வாட்ஸப் குரூப்பில், மனைவிகள் கொலு குரூப்பில். இவர்களில் யார் லாரி, யார் கொலு என்று கேட்டார். சுண்டல் நன்றாகச் செய்வேன், இரண்டு பேருமே கொலுவுக்கு வருகிறோம் என்றார் ஆரோக்கியம். செயலாளர் இன்னும் கலங்கிப்போனார். "காதலெல்லாம் பிரச்சனையே இல்ல சார். கொலு அட்மின் ஒத்துக்க மாட்டாங்க."

பால் காய்ச்சின அன்று

மாசக் கடைசி நெருங்கிவிட்டது. "பழையபடி நண்பர்கள்னே சொல்லிடலாமாண்ணே?" என்று செந்தில் கேட்டபோது எனக்கு மனசே கேட்கவில்லை. மயிலாப்பூரில் இன்னும் ஒரு இடம் பார்ப்போம் என்று அழைத்துப்போனேன். கீழ் வீட்டிலேயே இருக்கும் வீட்டுக்கார மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆத்துல மீன் சமைக்கப்படாது" என்று மட்டும் சொன்னார். இருவரும் ஆட்டிய வேகத்தில் தலை கழன்றுவிடும் போலிருந்தது.

பால் காய்ச்சும்போது வீட்டுப் பெண்கள்தான் அடுப்பைப் பற்றவைப்பது வழக்கம். இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. நீ பற்றவை, நீதான் மூத்தவன் என்று ஆரம்பித்தார்கள். தீயைக் குறைடா, குறைத்தால் எப்படிப் பொங்கும், போன வருஷம் குக்கரைத் தீய்த்தது யார் என்று போய்க்கொண்டே இருந்ததில், பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. மாமி சகுனம் பார்க்கிறவர். சாவியைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

மாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலில் தொங்கிய ‘குடும்பத்துக்கு மட்டும்’ அட்டையைக் கழற்றி வந்து என் கையில் கொடுத்தார். "இனிமே இது வேண்டாம். பேச்சிலர் எவனாவது இப்படிச் சண்டை போடுவானோ? இது குடும்பமேதான்."

அந்தக் கணக்குப்படி பார்த்தால், எங்கள் வீட்டைவிடப் பெரிய குடும்பம் இந்தச் சென்னையிலேயே கிடையாது.