அடி டப்பா இல்லாத தூக்கு

மூன்றடுக்குச் சாப்பாட்டுத் தூக்கில் ஒரு டப்பா குறைந்துவிட்டால், மிச்சம் இரண்டும் கம்பிக்குள் நிலையாக நிற்காமல், நடக்கிறவர் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ‘கடக் கடக்’ என்று ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். பதின்மூன்று வயதில், பாயான் லெப்பாஸ் பக்கம் இருந்த எங்கள் அடுக்குமாடி பிளாட்டின் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து அந்தச் சத்தம் கீழேயிருந்து ஏறி வருவதைக் கேட்டேன். இன்றைக்கும் பக்கத்து வீட்டில் யாராவது பாத்திரத்தைத் தட்டினால் எழுந்து போய்ப் படியை எட்டிப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்துபோக வேண்டாம். நான் ஐந்து கம்பெனி ஆரம்பித்தவன். எல்லாம் இந்த ‘ஸ்டார்ட்அப்’ வகை. மூன்று செத்துவிட்டன, ஒன்றை விற்றேன், ஐந்தாவது ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருமிக்கொண்டு ஓடுகிறது. பத்திரிகையில் என் படம் வந்திருக்கிறது. இளைஞர்களுக்கு ஊக்கம் கொடுக்க என்னை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் என் முதல் கம்பெனி இந்த ஐந்தில் இல்லை. அது இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று படிக்கும்போது, ஒரு தைப்பூசத்துக்கு முந்தைய மூன்று வாரம் மட்டும் நடந்தது.

அதில் நாங்கள் மூன்று பேர். நான், கோபி, நசீர். நசீரின் அத்தா பிளாட்டின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நசீர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் சிரித்துத்தான் ஆக வேண்டும். கோபி அதிகம் பேசமாட்டான், அவனுக்கு இளைப்பு. மழை வந்தால் அவன் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். ஆனால் பள்ளிப் பட்டறையில் ‘சால்டரிங்’ சொல்லிக் கொடுத்தபோது எங்கள் எல்லோருக்கும் விரல்தான் சுட்டது, கோபிக்கு மட்டும் ஈயம் சொன்னபடி கேட்டது.

கோபிக்கு அப்பா இல்லை. அவன் அம்மா லெட்சுமி ஆன்ட்டி, எல்இடி விளக்கு செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எங்கள் வீடுகளில் அதைக் ‘கிலாங்’ என்போம். விடியும் முன்பே கிலாங் பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் இறக்கிவிடும். ஒருநாள் அவருடைய வேலை அங்கியைத் துவைக்கும்போது பைக்குள் நான்கு விளக்கு சிக்கியிருப்பதைக் கோபி பார்த்தான். பட்டாணி அளவு, சிவப்பு. பேட்டரியில் வைத்ததும் எரிந்தன. அவன் அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழகாக இருக்கிறது என்றான். எனக்கு அழகு தெரியவில்லை, வாடிக்கையாளர் தெரிந்தார்.

எங்கள் பிளாட்டுப் பையன்கள் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் பந்தல் போடுவார்கள். மோர், பானகம், காதைக் கிழிக்கும் பாட்டு. அந்தப் பந்தலுக்குத் தலைவர் சுரேஷ் அண்ணே. அவரிடம் போய், முந்நூறு விளக்கில் ஆள் உயர வேல் செய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டேன். கையில் இருந்தது நான்கு விளக்கு.

“முந்நூறா? எங்கடா கெடைக்கும்?”

“அதெல்லாம் இருக்குண்ணே. பேனர்ல மட்டும் எங்க கம்பெனி பேரப் போடுங்க.”

“கம்பெனியா! சரிங்க மொதலாளி,” என்று சிரித்தார். பேனரில் போடச் சொல்லி ‘ஒளி அமைப்பு: தேவா அண்ட் கோ’ என்று எழுதிக் கொடுத்தேன். தேவா நான். கோபி அந்தத் தாளை வெகு நேரம் பார்த்துவிட்டு, “இந்த ‘கோ’ல நான் இருக்கனா?” என்றான். அவன் கேட்டதே அவ்வளவுதான்.

விளக்குக்கு லெட்சுமி ஆன்ட்டியை விட்டால் வழியில்லை. வெளிச்சம் மங்கலாக இருக்கிற, கால் வளைந்த விளக்குகளைப் பொறுக்கிச் சிவப்புத் தட்டில் போடுவதுதான் அவர் வேலை. ‘ரிஜெக்ட்’ என்றால் குப்பை, குப்பையை யாரும் எடுக்கலாம் என்று நாங்கள் நினைத்தோம். கோபி கேட்டுப் பார்த்தான். அவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: “ரிஜெக்ட்டும் அவங்களோடதுதான்டா. செவப்புத் தட்டத் தொட்டா வேல போயிரும்.”

பேனர் அச்சுக்குப் போய்விட்டது. சுரேஷ் அண்ணே படியில் எதிர்ப்பட்டால் மறுபக்கப் படி வழியாக ஓடினேன். மூன்றாம் நாள் லெட்சுமி ஆன்ட்டியின் சமையலறையில் போய் நின்று, கோபியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அந்தப் பொய்யைச் சொன்னேன்.

“ஆன்ட்டி, கோபி ஒங்ககிட்ட சொல்ல பயப்படுறான். தண்ணீர்மலையில வேண்டிக்கிட்டான். எளப்பு நிக்கணும், அதுக்கு இந்தத் தைப்பூசத்துக்கு முந்நூறு வெளக்குல வேல் வெக்கிறேன்னு.”

அவர் கோபியைப் பார்த்தார். கோபி தரையைப் பார்த்தான். அவன் வாய் பேசவில்லை, நெஞ்சு மட்டும் விசில் அடித்தது. அதுவே எனக்குச் சாட்சி சொன்னதுபோல ஆகிவிட்டது.

“ஏன்டா, வேண்டிக்கிறவன் கணக்குச் சொல்லியா வேண்டிக்குவான்?” என்று கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்தார். விபூதி எடுத்துக் கோபியின் நெற்றியில் பூசினார். அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது, விளக்கு வரும்.

வெளியே வந்ததும் நசீர் என் சட்டையைப் பிடித்தான். “சாமி பேர்ல பொய் சொல்றியா? எங்க வீட்ல இப்படிச் செஞ்சா தோல உரிச்சு கடையில தொங்க விட்ருவாங்க.”

“இது ஒங்க சாமி இல்ல, ஒனக்கென்ன?”

“யார் சாமியா இருந்தா என்னலா, பொய் பொய்தான். எனக்கு இந்தக் கம்பெனி வேணாம்.” என் கம்பெனியை விட்டுப்போன முதல் ஆள் நசீர். நான் அவனைப் பயந்தாங்கொள்ளி என்றேன். பிற்பாடு விட்டுப்போன எல்லோரையும் அப்படித்தான் சொன்னேன்.

கிலாங் பெண்கள் கைப்பையைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். வாசலில் இருக்கும் காவலாளி, எங்கள் பேச்சில் ‘ஜாகா’, உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும் என்பது விதி. சாப்பாட்டுத் தூக்குக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் அடி டப்பாவில், பழைய பிளாஸ்டிக் உறைக்குள், தினமும் இருபது, இருபத்தைந்து விளக்கு வந்தது. கோபி ஐந்தைந்தாகச் சேர்த்துப் பலகையில் பற்றவைத்தான். நான் எண்ணினேன். எண்ணுவதைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை.

ஆனால் லெட்சுமி ஆன்ட்டி தன் பங்குக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டார். மகனின் வேண்டுதல் நல்லபடியாக நிறைவேற, வேல் எரிகிற நாள் வரைக்கும் பகலில் சாப்பிடுவதில்லை என்று விரதம் எடுத்தார். அதை எங்களிடம் சொல்லவில்லை. வாசலில் நின்ற ஜாகாவிடம் சொன்னார். அவர் தமிழர். “என்னக்கா, மூஞ்சி வாடிக் கெடக்கு?” என்று அவர் ஆதரவாகக் கேட்டதற்கு, “வெரதம் தம்பி, ஒரு வேளச் சாப்பாடு, அதுவும் வீட்டுக்குப் போயிதான்” என்று உண்மையாகவே பதில் சொல்லியிருக்கிறார். பத்து நாள் கழித்து அந்த மனிதருக்கு ஒரு கேள்வி தோன்றியது. அதிகாரி பக்கத்தில் நிற்கிறார் என்பதைக்கூட யோசிக்காமல் விளையாட்டாகவே கேட்டாராம்: “பகல்ல சாப்புடலன்னா தெனமும் எதுக்குக்கா தூக்கு?”

மலாய்க்கார ஜாகாவாக இருந்திருந்தால் அவரிடம் விரதப் பேச்சே போயிருக்காது, அந்தக் கேள்வியும் வந்திருக்காது. லெட்சுமி ஆன்ட்டிக்குப் பொய் வராது. தூக்கை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார், அதிகாரி திறக்கச் சொன்னார்.

அன்றைக்கு பஸ் வந்து, பெண்கள் எல்லோரும் இறங்கி, பஸ்ஸும் போய்விட்டது. அவர் வரவில்லை. நானும் கோபியும் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தோம். கம்பெனியே வேண்டாம் என்று போன நசீரும் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் போனது. கோபியின் மூச்சு குறுகிக்கொண்டே வந்தது, அவன் மூச்சுக்கு நானும் மூச்சு விட்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம். கடக் கடக். ஒவ்வொரு மாடியாக ஏறி வந்தது. சாட்சிக்கு வேண்டும் என்று அடி டப்பாவை விளக்கோடு அங்கேயே வைத்துக்கொண்டு, வேலையைப் பறித்துத் தூக்கையும் அவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அவர் எங்கள் முன்னால் நின்றார். அழவில்லை. “எத்தன கொறையுது?” என்றார்.

எண்பது, என்று நான்தான் சொன்னேன். என் குரல் தெளிவாக வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

தைப்பூசத்தன்று வேலின் இலை மட்டும் எரிந்தது, தண்டு இருட்டாகவே நின்றது. சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சுரேஷ் அண்ணே என்னைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார். கோபி வரவில்லை, அவனுக்கு அன்றைக்கு இளைப்பு அதிகம். வேண்டுதல் குறைபட்டதால்தான் மகனுக்கு நிற்கவில்லை என்று லெட்சுமி ஆன்ட்டி முடிவு செய்துகொண்டார். ஹோட்டல் அறை கழுவும் வேலைக்குப் போனார். அடுத்த தைப்பூசத்திலிருந்து பால்குடம் எடுக்க ஆரம்பித்தார். “கொறஞ்ச எண்பதுக்கு எண்பது வருசமா ஏற முடியும்? முடிஞ்ச மட்டும் ஏறுறேன்,” என்று என் அம்மாவிடம் சொல்லும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கோபியும் திறக்கவில்லை. முதலில் பயம், பிறகு வெட்கம், பிறகு வருடம் கடந்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் கோபி என்னோடு முதல் மூன்று கம்பெனியிலும் இருந்தான் என்றால் நம்புவீர்களா? இருந்தான். நான் இல்லாத பொருளை வாடிக்கையாளரிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவேன், அவன் உட்கார்ந்து அதை உண்டாக்குவான். மூன்றாவது கம்பெனியில், இன்னும் எழுதவே தொடங்காத ஒரு மென்பொருளை அடுத்த வாரம் தருவதாக நான் கையெழுத்துப் போட்டு வந்தபோது, அவன் இன்ஹேலரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். “அந்த ‘கோ’லேர்ந்து என் பேர எடுத்துரு தேவா.” இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். என் அழைப்பை எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு மேடையில் நான் அந்த வேல் கதையைச் சொன்னேன். இது முதல் தடவையும் இல்லை. பொருள் கையில் வரும் முன்பே வாடிக்கையாளரைப் பிடித்தவன் நான் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் அளந்தேன். கூட்டாளியின் அம்மாவிடம் வேண்டுதல் என்று ஒரு கதை விட்டோம், அவரும் நம்பிவிட்டார், கதை நன்றாக இருந்தால் யாரும் வாங்குவார்கள் என்றேன். கூட்டம் சிரித்தது. வாசலையும் தூக்கையும் நான் சொல்லவில்லை. எப்போதும் சொன்னதில்லை.

அதை யாரோ வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். நசீர் இப்போது அதே பிளாட்டின் கீழே அத்தாவின் கடையை நடத்துகிறான். அவனிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது: “டேய், ஆன்ட்டி வீடியோவப் பாத்துட்டாங்க. கடையில வெச்சுதான். என் மகள்கிட்ட கேட்டு ஒவ்வொரு வார்த்தையும் அர்த்தம் தெரிஞ்சிக்கிட்டாங்க. ஒன்ன வரச் சொன்னாங்க. நான் ஒன்னும் சொல்லலைலா, அவங்களே கேட்டாங்க.”

நான்கு நாள் போகவில்லை. கூட்டம் இருக்கிறது, காய்ச்சல் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் போனேன். லிஃப்ட் வேலை செய்தும் படியில்தான் ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. எழுபதைத் தாண்டிவிட்டார், முழங்கால் வீங்கியிருக்கிறது. சமையலறையில் நின்று அந்தத் தூக்கைத்தான் துலக்கிக்கொண்டிருந்தார், அதே இரண்டு டப்பாவை. நான் சொல்ல வந்ததைத் தொடங்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒன்னு மட்டும் சொல்லு. அந்த வீடியோல கீழ ஒக்காந்திருந்தாங்களே, அவங்க எதுக்குச் சிரிச்சாங்க?”

ஐந்து கம்பெனிக்காக எத்தனையோ முதலீட்டாளர்களின் கேள்விக்கு நின்றபடியே பதில் சொன்னவன் நான். மன்னித்துவிடுங்கள் ஆன்ட்டி என்றேன். இந்த வருடம் பால்குடத்தை நான் எடுக்கிறேன், நீங்கள் கீழே உட்காருங்கள் என்றேன்.

“நீ எதுக்கு?” அவர் குரல் உயரவில்லை. “வேண்டுதல் பொய்யி. சரி. ஐந்நூறு படி ஏறுன காலு பொய்யா? என் புள்ள நல்லாருக்கணும்னு நான் கேட்டது பொய்யா? அது எனக்கும் முருகனுக்கும் உள்ளது. இதுல ஒனக்குப் பங்கு கெடையாது.”

“கோபிகிட்ட பேசுனீங்களா?”

“அழுதான். ஒன்னால ஒரு வார்த்த பேச முடியாம முப்பது வருசம் மூச்சு முட்டிக் கெடந்திருக்கான்லா என் புள்ள. எளப்பு எங்கேர்ந்து நிக்கும்?” சொல்லிவிட்டு டப்பாக்களைக் கம்பிக்குள் அடுக்கினார். நான் செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். “தேவா. இனிமே இதச் சொல்றதா இருந்தா, யாரும் சிரிக்காத மாதிரி சொல்லு.”

திரும்பும் வழியில் அந்தக் கிலாங் வாசலுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. கட்டடம் இருக்கிறது, பெயர்ப்பலகை வேறு, செய்யும் சாமான் வேறு. வாசலில் ஜாகா இல்லை, முகத்தைப் பார்த்துத் திறக்கும் இயந்திரம் இருக்கிறது. அதற்கு விரதத்தைப் பற்றி யாரும் சொல்லப் போவதில்லை. சுரேஷ் அண்ணே இறந்துவிட்டார், பந்தலும் நின்றுபோய்விட்டது. பலகையும் வேலும் எந்தக் குப்பையில் போனதென்று தெரியாது. அந்த அடி டப்பாவை யார் எப்போது வீசினார்களோ.

சொல்லிவிட்டேன் ஆன்ட்டி. இந்தத் தடவை வாசலையும் சேர்த்து.