நான் அழைத்த கணவர்கள்

அவனியாபுரத்தில் பெண் கவுன்சிலர்களுக்கான பயிற்சிக்கு அழைப்புப் பட்டியல் தயாரித்தது நான். பயிற்சியை நடத்தியவர், தலைமையாசிரியையாக இருந்து அரசியலுக்கு வந்த எங்கள் தலைவி. பெயர், வார்டு, கைபேசி எண் என்று மூன்றையும் இருமுறை சரிபார்த்திருந்தேன். அன்று காலை முன்வரிசை நிறைய வேட்டிகள்.

“உங்க வீட்டம்மா வரலையாண்ணே?” என்று ஒருவரிடம் கேட்டார் தலைவி.

“மெசேஜ் எனக்குத்தாம்மா வந்துச்சு. அவளுக்கு வீட்ல அம்புட்டு வேலை.”

கவுன்சிலர்களை அழைத்தால் எடுக்கமாட்டார்கள் என்று நானே தீர்மானித்து, விசாரித்து, கணவர்களின் எண்களைச் சேர்த்திருந்தேன். அதைத் தலைவியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

“இவுககிட்டயே அவுக நம்பரைக் கேளு. அவுக வந்ததும் ஆரம்பிப்போம்.”

ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கேட்டு எழுதினேன். முதலில் அழைத்த கவுன்சிலர் ஒரே மணியில் எடுத்தார்.

“என்னையவா கூப்புடுறீக? இந்தா வாரேன்!”