விருந்தாளி பத்த வைத்த அடுப்பு

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில் நடந்தது இது. ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் எங்கள் வீடு. என் மாமனார் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை ஒட்டித் தனியாக ஓர் அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான்.

அதற்காகச் சேலத்தில் ஒரு பயிற்சிக்குக்கூடப் போய் வந்தேன். விருந்தோம்பல் தொழிலில் தங்க இடம் கொடுப்பது ஒரு பிரிவு, சாப்பாடு ஒரு பிரிவு, பயண ஏற்பாடு ஒரு பிரிவு, கல்யாணம், கூட்டம் நடத்தித் தருவது இன்னொரு பிரிவு என்று அழகாகப் பிரித்துச் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எங்கள் ஊர்க் கடைத்தெருவான ஒண்டிக்கடையில் டீக்கடைக்காரரே ரூம் பிடித்துக் கொடுப்பார், அவர் தம்பி ஜீப் ஓட்டுவார், மச்சான் கல்யாணப் பந்தல் போடுவார். ஒரு குடும்பத்துக்குள்ளேயே தொழில் மொத்தமும் முடிந்துவிடும். ஆனாலும் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தேன்.

எங்களுக்கு வந்த முதல் விருந்தாளிகள், மதுரையில் மெஸ் நடத்தும் ஒரு கணவன் மனைவி. கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு இப்படிக் கிளம்பி வந்ததே அவர்களுக்கு அதுதான் முதல் தடவையாம். வந்து இறங்கியதும் அந்த அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஆத்தாடி, ரெண்டு நாளைக்கு நான் கரண்டியைக் கண்ணால பாக்க மாட்டேன்" என்றார். என் மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று ராத்திரி நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் காப்பி குடிக்க எழுப்பப் போனபோது மாமா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. ஜெபம் செய்ய ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அழுதுகொண்டே இருந்த எனக்குத் திடீரென்று விருந்தாளிகள் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் அடக்கம் முடியும்வரை அடுப்பு பத்த வைக்க மாட்டோம். நம்பி வந்தவர்களுக்கு ஒரு வாய் டீகூடக் கொடுக்க முடியாது. அவர்கள் அறை வாசலில் போய் நின்றேன்.

"ஏனுங்க அக்கா, ஊட்டுல மாமா தவறிட்டாருங்க. ஒண்டிக்கடையில உங்களுக்கு வேற ரூம் பார்த்துத் தரச் சொல்றேனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எங்களை அனுப்பி வைக்கிறதா தாயி இப்ப முக்கியம்? போய் உன் மாமியாரைப் பாரு" என்றார்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, சர்க்கரை வியாதி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பக்கத்து வீட்டார் கொடுத்த காப்பியையும் தள்ளிவிட்டார். துக்க வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார்தான் சாப்பாடு கொண்டு வருவது வழக்கம்; வாழப்பாடியிலிருந்து என் பிறந்த வீட்டுச் சாப்பாடு வந்தாக வேண்டும். ஆனால் குப்பனூர் மலைப்பாதையில் மரம் சாய்ந்துவிட்டது, சேலம் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும் என்று போன் வந்தது. மத்தியானம் தாண்டியதும் அத்தைக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. என் கணவரும் நானும் மாறி மாறிக் கெஞ்சினோம். "அவரு இல்லாம எனக்கெதுக்குச் சோறு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமாவோடு இவரையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்தேன்.

அப்போதுதான் ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. விருந்தாளிகள் டீ போட்டுக்கொள்ள அவர்கள் அறையில் ஒரு சின்ன கேஸ் அடுப்பு வைத்திருந்தோம். அக்காவின் வீட்டுக்காரர் மழையிலேயே காரை எடுத்துக்கொண்டு ஒண்டிக்கடைக்குப் போய் அரிசி பருப்பிலிருந்து எல்லாம் வாங்கி வந்திருக்கிறார். நான் பதறி ஓடினேன். அக்கா கரண்டியும் கையுமாகத் திரும்பினார். "உங்க வீட்டு அடுப்பை நான் தொடல தாயி. ரெண்டு நாளைக்கு இது எங்க வீடு. இது எங்க வீட்டு அடுப்பு" என்றார்.

பிறகு உள்ளே வந்து, அழுதுகொண்டிருந்த அத்தையின் தோளில் கை போட்டுக் கைத்தாங்கலாகத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். இலை போட்டுக் குழைந்த ரசச் சோறு வைத்தார். எதிரில் தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் கை வைக்கவில்லை. அத்தை தலையைக் குனிந்தபடியே இருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அத்தை நிமிர்ந்து, அக்கா கை வைக்காத இலையைப் பார்த்தார். "நீங்க சாப்பிடுங்க கண்ணு."

"என் வீட்டுக்கு வந்திருக்கீங்கம்மா. நீங்க கை வைக்காம நான் எப்படிச் சாப்பிட முடியும்?"

"காலையிலிருந்து நீங்களும் சாப்பிடலீங்களா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினார். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டார். தன் பசியைத் தாங்கத் தெரிந்தவருக்கு, தன்னால் இன்னொருத்தி பட்டினி கிடப்பதைத் தாங்க முடியவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தார். பிறகு, "நீங்களும் சாப்பிடுங்க சாமி" என்று சொல்லி உடைந்து அழுதார். இரண்டு பேரும் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

அடக்கம் முடிந்து, எங்கள் வீட்டில் மறுபடி அடுப்பு எரிந்த பிறகுதான் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். மலையில் எதையும் சுற்றிப் பார்க்கவேயில்லை.

அத்தை இன்றைக்கும் அந்த அறையை ஹோம்ஸ்டே என்று சொல்வதில்லை. "மெஸ்காரம்மா ஊட்டுக்கு ஆளு வந்திருக்குது, போய்ப் பாரு கண்ணு" என்றுதான் சொல்வார். எத்தனையோ பேர் வந்து தங்கிவிட்டுப் போகிறார்கள், நல்லபடியாகத்தான் கவனித்து அனுப்புகிறோம். ஆனால் எங்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாளில் எங்களையே விருந்தாளியாக உட்கார வைத்துச் சோறு போட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.