பெரியம்மாவின் சிவந்த விரல்கள்

சென்ற மாதம் வீசா மையத்தின் கண்ணாடித் தட்டில் என் வலது கையின் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தேன். தட்டுக்குக் கீழே ஒரு வெளிச்சம் ஓடியது. கணினித் திரையில் பச்சைக் குறி விழுந்தது. பிறகு இடது கை, பிறகு இரண்டு கட்டைவிரல்கள். மூச்சு விடும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் திரையைப் பார்த்தபடியே, "டூரிசம்தானே மேடம்?" என்று கேட்டாள். மிகச் சாதாரணமான கேள்வி. ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நிஜமாகவே ஊர் சுற்றிப் பார்க்கத்தான் நான் கிளம்பியிருந்தேன். ஆனாலும் அந்தச் சொல்லுக்கு "ஆமாம்" என்று சொல்ல எனக்கு உடனே வாய் வரவில்லை.

என் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறாள். பெரியப்பா மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் இரண்டும் போய், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பவர். அவர்களுடைய ஒரே மகள், எனக்கு அக்கா, கல்யாணமாகி ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்குப் போனாள். எந்த நாடு என்பது இங்கே முக்கியமில்லை. எல்லா நாட்டு வாசலிலும் இப்போது ஒரே மாதிரிக் கண்ணாடித் தட்டுதான் இருக்கிறது. பல வருஷம் மருத்துவர், கோயில், விரதம் என்று அலைந்த பிறகு அக்கா உண்டானாள். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. அதைப் பெரியம்மா அங்கே போய்ச் செய்து, பிரசவம் பார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவானது. அதன் பிறகு அக்கா ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் கடைசியில் ஒன்றே ஒன்றைக் கேட்பாள். "அம்மா, நீ வந்துடுவே இல்ல?"

வீசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரிக்க நானும் பெரியம்மாவும் சம்பிகே ரோடில் ஒரு டிராவல்ஸுக்குப் போனோம். போக வர டிக்கெட், இன்ஷூரன்ஸ், பெரியப்பாவின் பென்ஷன் பேப்பர், வீட்டுப் பத்திரத்தின் நகல். இவள் திரும்பி வந்துவிடுவாள் என்று நம்புவதற்குத் தூதரகத்துக்கு வீட்டுப் பத்திரம் வேண்டும். நடைவண்டியோடு வாசலில் நிற்கும் கணவன் போதாது. டிராவல்ஸ்காரர் எங்களைவிடக் கவலையாக, கன்னடம் கலந்த தமிழில் பேசினார். "ஆண்ட்டி, டெலிவரி கிலிவரின்னு எங்கயும் எழுதாதீங்க. நாளைக்கு அங்க வேலை செய்ய வராங்கன்னு நெனப்பாங்க, இல்ல அங்கயே இருந்துடுவாங்கன்னு நெனப்பாங்க. சும்னே எதுக்குப் பிரச்சனை? டூரிசம்னு போடுங்க. யார் கேட்டாலும், எந்த எடத்துல கேட்டாலும், டூரிசம். அவ்வளவுதான்."

அவரே ஒரு சுற்றுலாத் திட்டமும் தயாரித்துக் கொடுத்தார். முதல் நாள் ஒரு கோட்டை, மறுநாள் ஏரியில் படகு, அப்புறம் ஏதோ ஒரு ராஜா தூங்கிய அரண்மனை. பெரியம்மா அதை வீட்டுக்கு வந்து என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு மூன்று மைல் தூரத்தில் இருக்கும் பெங்களூர் அரண்மனையையே அவள் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. "அந்த ராஜா எங்க தூங்குனா எனக்கென்னடி? என் பொண்ணு தூங்குறாளான்னு பாக்கத்தான் நான் போறேன்," என்றாள். பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிப் பெரிய சிரிப்பு அது என்று நினைக்கிறேன். அதற்கு முன்பே வீசா படம் எடுக்கப் போனபோது போட்டோ ஸ்டுடியோவில் சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது, காது தெரிய வேண்டும் என்றார்கள். எதற்கெடுத்தாலும் பல் தெரியச் சிரிக்கிறவளை அப்படி உட்காரவைக்க ஸ்டுடியோக்காரர் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

இப்போது மருதாணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியம்மா வீட்டுக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு மருதாணிச் செடி உண்டு. அக்கம்பக்கத்துக் கன்னடக்காரர்கள் அதைக் கோரண்டி என்பார்கள். பண்டிகை வந்தால் கிண்ணத்தோடு வந்து இலை பறித்துப் போவார்கள். பெரியம்மாவுக்குக் கடையில் விற்கும் கோன் பிடிக்காது. இலையோடு கொட்டைப்பாக்கு வைத்து, எலுமிச்சைச் சாறு விட்டு மைய அரைத்து, உள்ளங்கையில் ஒரு வட்டம், பத்து விரலுக்கும் பத்துத் தொப்பி. அவ்வளவுதான் அவளுடைய கலை. அவள் கைக்கு மட்டும் அப்படியொரு சிவப்புப் பிடிக்கும். காய்ந்து உதிர்ந்தால் விரல் நுனியெல்லாம் கருஞ்சிவப்பாக இருக்கும். பெரியப்பாவின் ஆசையெல்லாம் அந்த விரலில் வந்து நிற்கிறது என்று நாங்கள் கேலி செய்வோம். பெண் பார்க்க, வீடு பால் காய்ச்ச, பரீட்சைக்குப் போக, எந்த நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் முந்தின நாள் கையில் மருதாணி இருக்க வேண்டும். வெறும் கையோடு போனால் காரியம் கூடாது என்பது அவள் கணக்கு.

கைரேகை கொடுக்க வரச்சொல்லி வந்த தாளில் ஒரு வரி இருந்தது. விரல் நுனிகளில் வெட்டுக்காயமோ அலங்காரமோ இருக்கக்கூடாது. அதை நாங்கள் யாரும் பார்க்காமல் விடவில்லை. பெரியப்பா சத்தமாகப் படித்து, தமிழிலும் சொன்னார். நானும் கேட்டேன். "நான் என்னிக்கு நெயில் பாலிஷ் போட்டேன்?" என்று பெரியம்மா சொன்னாள். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் அலங்காரம் என்றால் கடையில் வாங்குவது. பௌடர், லிப்ஸ்டிக், நெயில் பாலிஷ். மருதாணி அதில் சேர்த்தியில்லை. அது நெற்றிப் பொட்டைப் போல, கழுத்துத் தாலியைப் போல, உடம்போடு இருப்பது. முகம் கழுவிக்கொண்டு வா என்றால் யாராவது மூக்கைக் கழற்றி வைப்பார்களா? ஆகவே அன்று சாயங்காலம் பெரியம்மா மகளை நினைத்துக்கொண்டு இலை பறித்தாள். மறுநாள் மெட்ரோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து விரலையும் விரித்துக் காட்டி, "பாரு, எப்படிப் புடிச்சிருக்கு. அவளுக்குப் பொண்ணுதான் பொறக்கும்," என்றாள்.

மையத்தில் கண்ணாடித் தட்டில் பெரியம்மா விரல் வைத்ததும் சிவப்புக் குறி வந்தது. ஜன்னலில் இருந்த பெண் தட்டைத் துடைத்தாள். பெரியம்மாவின் விரல்களைக் காகிதத்தால் துடைத்தாள். தன் கையால் பெரியம்மாவின் கையை அழுத்திப் பிடித்தாள். மறுபடி சிவப்பு. அதற்கப்புறம்தான் அவள் குனிந்து விரல்களைப் பார்த்தாள். மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் வந்து, மரியாதையாகவே, மருதாணி முழுக்கப் போன பிறகு புதிதாக நேரம் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். பெரியம்மாவும் கன்னடத்திலேயே கெஞ்சினாள். பிறகு அவளுக்குப் பாஷை மறந்துவிட்டது. "இது என் கைதாம்ப்பா. வேற யார் கை? மெஷினுக்குத் தெரியலைன்னா நீங்க எழுதிக்கோங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்." பக்கத்து ஜன்னலில் ஒரு குடும்பம், எல்லோரும் ஒரே நிறச் சட்டையில், பனியைப் பார்க்கப் போகிற உற்சாகத்தில் விரல் வைத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வரிசையாகப் பச்சை விழுந்தது. எனக்கு அவர்கள் மேல் காரணமில்லாமல் ஆத்திரம் வந்தது.

அது பள்ளி விடுமுறைக் காலம். பெங்களூரில் பாதிப் பேர் வெளிநாட்டுக்குக் கிளம்பும் பருவம். அடுத்த நேரம் பல வாரங்கள் தள்ளித்தான் கிடைத்தது. அதற்குள் யாராவது ஒருவர் ரத்து செய்தால் அந்த இடம் கிடைக்கும் என்றார்கள். அதனால் விரல்கள் தயாராக இருக்க வேண்டும் என்று பெரியம்மா முடிவு செய்தாள். எலுமிச்சம்பழம், சோடா உப்பு, பல்பொடி என்று ஆரம்பித்தாள். அப்புறம் குதிகால் தேய்க்கும் கல். ஒரு நாள் நான் போனபோது கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் விரல் நுனிகளை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் சிவப்பாக இருந்தது. மருதாணி என்று நினைத்தேன். கிட்டே போனால் ரத்தம். கையைப் பிடித்து இழுத்தேன். "விடுடி. ஏழாம் மாசம் பொறந்துடுச்சு. வளையல் வாங்கி வெச்சிருக்கேன்," என்றாள். வெட்டுக்காயமும் இருக்கக் கூடாது என்று அந்தத் தாளில் எழுதியிருந்ததை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பெரியப்பாதான் சொன்னார். யாரோ ரத்து செய்து ஒரு நேரம் வந்தபோது அவள் விரல்களில் பொருக்கு இருந்தது. அது கைவிட்டுப் போயிற்று.

கடைசியில் விரல்கள் ஆறி, கண்ணாடித் தட்டு ஒருவழியாக அவளை ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட்டும் காகிதங்களும் தூதரகத்துக்குப் போயின. அந்த நாட்களில்தான் அக்காவின் முகம் வீடியோவில் உப்பலாகத் தெரிய ஆரம்பித்தது. "காலைக் காட்டுடி," என்றாள் பெரியம்மா. அக்கா போனைத் தாழ்த்திக் காட்டினாள். வெளிச்சம் போதவில்லை. "நின்னுட்டே இருக்கேன்மா, அதான். நீ வந்துடுவே இல்ல?" என்றாள். மறுவாரம் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் தூதரகத்துக்கு எழுதிய ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரே பதில் தானாக வந்தது: உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. அது பிழைத்தது. அக்கா பிழைக்கவில்லை.

அவளுடைய கடைசிக் காரியத்தை நாங்கள் என் மொபைலில் பார்த்தோம். பெரியம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு மகளின் முகத்தைத் தொட்டாள். தொட்டால் திரையில் பொத்தான்கள் எழும்பி முகத்தை மறைக்கும். கையை எடுத்தால் முகம் தெரியும். அவளுக்கு அது புரியவில்லை. மறுபடி மறுபடி தொட்டாள். நான்தான் அவள் கையைப் பிடித்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். விரல் நுனிகள் வழவழவென்று, யாருடைய கையோ போல இருந்தன. நகங்களில் மட்டும் மருதாணி இன்னும் பாதி மிச்சமிருந்தது. நகம் வளர்ந்துதான் அது வெளியேற வேண்டும். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு வெறுப்பு ஒரு நிறத்தின் மேல் வந்ததில்லை.

அதற்குப் பிறகு வீசா வந்தது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பாஸ்போர்ட்டைத் திறந்தால் சிரிக்காத முகத்தோடு பெரியம்மா. பக்கத்தில் டூரிஸ்ட் என்று அச்சு. அந்தப் படத்தில் இருந்தவளாகவே அவள் அதற்குள் மாறியிருந்தாள். போக வேண்டாம் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். பெரியம்மா வளையல் டப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாள். அந்த இடத்தில் பழைய புடவையைக் கிழித்துத் தைத்த குழந்தைத் துணிகளை அடுக்கினாள். நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு தனியாக விமானம் ஏறினாள்.

திரும்பி வந்த பிறகு நாங்கள் எதையும் கேட்கவில்லை. அவளாகவே ஒரு நாள், சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஏர்போர்ட்டுல எறங்குனதும் அங்கயும் அந்தக் கண்ணாடி இருந்துச்சுடி. கையை முந்தானையில தொடச்சேன். நாலு விரலையும் வெச்சேன். வெச்ச ஒடனே பச்சை எரிஞ்சுது." நறுக்கியதை நான் தட்டில் ஒதுக்கினேன். "எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேட்டான். நல்ல பையன்தான், நம்ம வீட்டுப் பையன் வயசு. எனக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லத் தெரியும்? டூரிசம்னு சொன்னேன். எங்க கேட்டாலும் அதைத்தானே சொல்லணும்னாங்க." கத்தி பீன்ஸை நறுக்கிக்கொண்டே இருந்தது. "முத்திரை குத்திட்டுச் சிரிச்சான். நல்லாச் சுத்திப் பாத்துட்டு சந்தோஷமா இருங்கங்கிற மாதிரி என்னமோ சொன்னான். நானும் தேங்க்ஸ் சொன்னேன்."

அங்கே அவள் கோட்டையையோ ஏரியையோ பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பேத்தியை, வட்டமான துளை வழியாகக் கையை விட்டுத் தொட்டிருக்கிறாள். வீசா முடியும் வரைக்கும் தினமும் போய்த் தொட்டிருக்கிறாள். அதற்கு மேல் இருக்க டூரிஸ்டுக்கு அனுமதியில்லை. குழந்தை இப்போது அப்பாவோடும் அவருடைய தாயோடும் அங்கே வளர்கிறது.

மருதாணிச் செடியைப் பெரியப்பா வெட்டச் சொன்னார். பெரியம்மா விடவில்லை. பண்டிகைக்கு இன்றும் பெண்கள் கிண்ணத்தோடு வருகிறார்கள். இலை பறிக்கும் முன் ஒவ்வொருத்தியிடமும், வெளிநாடு எங்காவது போகிறீர்களா, வீசா ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறாள். புதிதாக வருகிறவர்கள் கிழவிக்கு ஊர்வம்பு வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் தன் கைக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை.

சென்ற மாதம் அந்தக் காலையில் மையத்துக்குப் போகும் வழியில் அவள் வீட்டில் இறங்கினேன். வாசலிலேயே, "கையைக் காட்டு," என்றாள். என் இரண்டு கைகளையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். ஒவ்வொரு விரல் நுனியையும் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "சுத்தமா இருக்கு. போயிட்டு வா," என்றாள். அந்தக் கைகளைத்தான் நான் கண்ணாடித் தட்டின் மேல் வைத்தேன்.

"மேடம், டூரிசம்தானே?" என்று அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். பின்னால் வரிசை காத்திருந்தது. ஆமாம் என்று சொன்னேன்.