பாதி வெந்த ஈரல்

எங்கள் வீட்டில் ஆடு அறுத்தால் ஈரல் மூத்த மருமகளுக்குத்தான். நான் இளையவள். எண்பதுகளின் தொடக்கத்தில், பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கிற ஒரு குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த மூத்தவளை, என் ஓரகத்தியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவளிடம் இன்ன குறை என்று சொல்ல முடியாது. அதுதான் எரிச்சலே. அவள் பார்த்துக்கொண்ட ஆடுகள் இரட்டைக் குட்டி போட்டன. அவள் மேய்த்துவிட்டு வந்தால் மாமியார் மோர் கொடுப்பாள். நான் மேய்த்துவிட்டு வந்தால் ஆடுகளின் வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். கிடை காத்த செவலை நாய்க்கு நானும்தான் கூழ் ஊற்றினேன். அது அவள் காலடியில்தான் படுத்தது.

தை மாதத்திலிருந்து அந்த நாய் தும்மிக்கொண்டே இருந்தது. முன்னங்காலால் மூக்கைத் தேய்க்கும். சில நாள் ரத்தம் சொட்டும். ஓரகத்தி ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். எனக்கு நாயின் மேல் இரக்கம் வரவில்லை. அவளுடைய ஏதோ ஒன்று கெட்டுப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிடா வெட்டினார்கள். குடலோடு ஒட்டிய சவ்வையும் கழிவையும் ஓரகத்தி வழக்கம்போலப் பச்சையாகவே நாய்க்குப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். மாமியார் ஈரலைக் கங்கில் போட்டுவிட்டு, "மூத்தவ வந்ததும் குடு. பாவம், வெயில்ல அலையுதா" என்றாள்.

விடிந்ததிலிருந்து மசாலா அரைத்து என் தோள்பட்டை கழன்றுகொண்டிருந்தது. தெருமுனையில் அவள் குடத்தோடு வருவது தெரிந்தது. ஈரல் மேலே கறுத்திருந்தது, உள்ளே சிவப்பு. எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஒழுங்காக மெல்லக்கூட இல்லை.

"ஈரல எங்கட்டி?" குடத்தை இறக்கிவிட்டு ஓரகத்தி கேட்டாள்.

"பூனை தூக்கிட்டுப் போயிட்டுக்கா."

அவள் சிரித்தாள். "போட்டும். அதுக்கும் கொடைதான?"

அந்தச் சிரிப்புக்காக அவளை இன்னும் வெறுத்தேன்.

பொழுது சாய்வதற்குள் என் தொண்டை அரிக்க ஆரம்பித்தது. முள் சிக்கியதுபோல இருமல், விடாத தும்மல். மறுநாள் முகம் வீங்கி ஒரு காது அடைத்துக்கொண்டது. கண் பட்டிருக்கும் என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டாள். என்மேல் கண் வைக்க அங்கே யார் இருந்தார்கள்?

மூன்றாம் நாள் நாய் ஓங்கித் தும்மியதில் மூக்கிலிருந்து ஒன்று வந்து விழுந்தது. விரல் நீளம், வெள்ளை, தட்டையாக நாக்கைப் பிடுங்கிப் போட்டதுபோல. அது நெளிந்தது. நான் பின்வாங்கினேன். ஓரகத்தி குச்சியால் எடுத்து ஒரு காலி மருந்துக் குப்பியில் போட்டாள்.

"சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரியில காட்டிட்டு வாரேன். நீயும் வாட்டி. அப்படியே உன் தொண்டையையும் பெரியாஸ்பத்திரியில காட்டிருவோம்."

மாட்டு டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நாக்குப்புழு. நாய் தும்மும்போது இதோட முட்டை புல்லுல விழும். ஆடு அந்தப் புல்லைத் திங்கும். ஆட்டோட ஈரல்லயும் குடல் சவ்வுலயும் குஞ்சுப் புழு தங்கிரும். அதப் பச்சையாத் தின்னா மறுபடி நாய் மூக்குக்கு ஏறிரும். யாரும்மா பச்சையாப் போட்டது?"

"நான்தான் சார்." ஓரகத்தி தலைகுனிந்தாள். அவள் தலைகுனிந்து நான் பார்த்தது அன்றுதான். அத்தனை வலியிலும் எனக்கு இனித்தது.

அந்த நேரம் பார்த்துத் தும்மினேன். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன செய்யுது? வேகாத ஈரல் ஏதும் சாப்பிட்டீங்களா?"

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பூனை இல்லக்கா. நான்தான்."

மனிதருக்கு இது வருவதைப் புத்தகத்தில்தான் படித்திருப்பதாகச் சொல்லி, பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, இடுக்கியால் நொய்யரிசி அளவில் இரண்டு வெள்ளைப் புழுக்களை எடுத்தார்கள். ஒரு வாரத்தில் காது திறந்தது.

அன்று திரும்பி வருகையில் பஸ்ஸில் அவள் மெல்லச் சொன்னாள்: "கேட்டிருந்தா தந்திருப்பேம்லாட்டி."

"நீங்க கேட்டா வாங்குதீங்க?" என்றேன். "உங்களுக்கு மட்டும் எல்லாம் தானா வருது."

அவள் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளே மாட்டு டாக்டர் எங்கள் ஊருக்கே வந்து நாயின் மூக்கில் மருந்து விட்டார். கழிவைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். கூடியிருந்தவர்களிடம், "இந்தம்மா புழுவப் பிடிச்சுக் கொண்டாந்ததாலதான் தெரிஞ்சுது" என்று அவளைக் காட்டினார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வீங்கிய முகத்தோடு நான் கதவோரம் நின்றிருந்தேன்.

பூனை விஷயத்தை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நானாக இருந்தால் அன்று சாயங்காலமே ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன். என் புத்தி அப்படி என்று தெரிந்திருந்ததால் அவள்மேல் இருந்த பொறாமை எனக்குக் குறையவில்லை, கூடித்தான் போயிற்று.